உள்ளே போனால்தான் வெளியே வரலாம்

சர்க்கரை நோய்க்காக மருத்துவரிடம் போகிறவர்களில் சிலருக்கு, வழக்கமான ரத்தப் பரிசோதனைகளோடு ‘சி-பெப்டைடு’ என்று ஒன்றையும் எழுதித் தருவார்கள். கணையம் சொந்தமாக இன்சுலின் சுரக்கிறதா, சுரந்தால் எவ்வளவு என்று அறியும் சோதனை அது. வேடிக்கை என்னவென்றால், இதில் இன்சுலினை யாரும் அளப்பதில்லை. இன்சுலின் தயாராகும்போது வெட்டிக் கழிக்கப்படும் ஒரு துண்டைத்தான் அளக்கிறார்கள்.

ரத்தத்தில் ஓடும் இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. நம் மரபணுவில் அதற்காக எழுதப்பட்டிருப்பதோ 110. ரைபோசோமில் 110 அமினோ அமிலச் சங்கிலியாகக் கோக்கப்படுவது, செல்லைவிட்டு வெளியே வரும்போது 51 ஆகக் குறைந்திருக்கிறது. பாதிக்கு மேல், அதாவது 59 அமினோ அமிலங்கள், வழியிலேயே கழிந்துவிடுகின்றன. உடம்பு இத்தனை ஊதாரியா? அந்த 59உம் எங்கெங்கே, எதற்காகக் கழிந்தன என்று கணக்குப் பார்த்துக்கொண்டே போனால், ஒரு செல் தான் செய்த புரதங்களை எப்படிப் பிரிக்கிறது, எப்படி வெளியே அனுப்புகிறது என்பது தானாகவே விளங்கிவிடும். இந்த அத்தியாயம் அந்தக் கணக்குதான்.

எண்ணெய்ச் சுவர்

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. தண்ணீரில் கரையும் பெரிய மூலக்கூறுகளையும் உப்பின் அயனிகளையும் அது எளிதில் விடாது. செல்லுக்குள் இருக்கும் உப்பும் சர்க்கரையும் புரதமும் வெளியே கசிந்துவிடாமல் இருப்பதே அதனால்தான். உயிர் வாழ இந்தச் சுவர் கட்டாயம் வேண்டும்.

ஆனால் நம் உடலில் பல செல்களுக்கு, புரதத்தைச் செய்து வெளியே அனுப்புவதே பிழைப்பு. கல்லீரல் செல்கள் ஆல்புமினை ரத்தத்தில் விடுகின்றன. கணையத்தின் நொதிச் செல்கள் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் செரிமான நொதிகளைக் குடலில் கொட்டுகின்றன. நோய்த்தொற்று வந்த நாட்களில் ஒரே ஒரு பிளாஸ்மா செல், நொடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்புரதங்களை வெளியிடும். சுவரில் ஓட்டை போட்டு இவற்றை வெளியே தள்ளினால், உள்ளே இருக்க வேண்டியவையும் கூடவே போய்விடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நம்மிடம் சுமார் 20,000 புரத மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றின் புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளியே போக வேண்டியவை, அல்லது ஏதாவது ஒரு சவ்வில் பதிய வேண்டியவை. மற்றவை சைட்டோபிளாசத்திலேயே தங்கவோ, உட்கருவுக்கோ மைட்டோகாண்டிரியாவுக்கோ போகவோ வேண்டும். ஆனால் அநேகமாக எல்லாப் புரதமும் பிறப்பது சைட்டோபிளாசத்தில் இருக்கும் ஒரே மாதிரியான ரைபோசோம்களில்தான். ஹீமோகுளோபினைக் கோக்கும் ரைபோசோமுக்கும் இன்சுலினைக் கோக்கும் ரைபோசோமுக்கும் வேறுபாடு கிடையாது. அப்படியிருக்க, எது தங்கும், எது போகும் என்று யார் பார்த்துப் பிரிக்கிறார்கள்?

மூன்று நிமிடத் தடம்

முதலில், போகிற வழி எது என்று தெரிய வேண்டியிருந்தது. அதைக் கண்டவர் ஜார்ஜ் பலாடே. ருமேனியாவில் 1912இல் பிறந்து, 1946இல் நியூயார்க் வந்து, ராக்பெல்லர் நிறுவனத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு உட்கார்ந்துவிட்டவர். ரைபோசோம்களை முதலில் தெளிவாகக் கண்டு விவரித்தவரும் அவர்தான். ஜேம்ஸ் ஜேமிசனோடு சேர்ந்து 1967இல் அவர் வெளியிட்ட சோதனையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

கினிப் பன்றியின் கணையத்தை மெல்லிய துண்டுகளாக அரிந்து, உயிரோடு இருக்கும்படி ஒரு கரைசலில் வைத்தார்கள். கதிரியக்கம் ஏற்றிய லூசின் என்ற அமினோ அமிலத்தை அதில் சேர்த்தார்கள், மூன்றே நிமிடங்களுக்கு. உடனே அதை வடித்துவிட்டு, சாதாரண லூசினை நிறைய ஊற்றினார்கள். ஆக, அந்த மூன்று நிமிடத்தில் பிறந்த புரதங்களுக்கு மட்டும் கதிரியக்க அடையாளம். அதற்கு முன் பிறந்தவற்றுக்கும் பின் பிறந்தவற்றுக்கும் அது கிடையாது. பிறகு வெவ்வேறு இடைவெளிகளில் துண்டுகளை எடுத்துச் செல்களை அந்தந்த நிலையிலேயே உறையவைத்தார்கள். மிக மெல்லிய சீவல்களாக்கி, புகைப்படப் பசையைப் பூசி, இருட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கதிரியக்கம் படும் இடத்தில் பசையில் இருக்கும் வெள்ளி, கருப்புத் துகளாகப் படியும். அந்தத் துகள் இருக்கும் இடமே புரதம் இருந்த இடம்.

மூன்றாவது நிமிட முடிவில் துகள்கள் பெரும்பாலும் எண்டோபிளாச வலையின்மேல் இருந்தன. ரைபோசோம்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் தட்டையான சவ்வுப் பைகளின் தொடர் அது. இன்னும் ஏழு நிமிடம் கழித்துப் பார்த்தால், கூட்டம் கோல்கை உறுப்பின் பக்கம் நகர்ந்திருந்தது. அடையாளம் ஏற்றி முடித்து முப்பத்தேழு நிமிடம் ஆனபோது, புரதம் செறிந்துகொண்டிருக்கும் பெரிய பைகளில். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில், செல்லின் ஓரத்தில் அடுக்கியிருக்கும் நொதிக் குருணைகளிலும், செல்லுக்கு வெளியே இருக்கும் நாளத்திலும்.

புரதம் சைட்டோபிளாசத்தில் அலையவில்லை. ஒரு சவ்வுப் பையிலிருந்து இன்னொரு சவ்வுப் பைக்குப் போகிறது. கடைசிப் பை செல்லின் ஓரத்துக்கு வந்து, வெளிச்சவ்வோடு கலந்து, வாயைத் திறந்துகொள்கிறது. உள்ளே இருந்தது வெளியே கொட்டுகிறது. பலாடேவுக்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஒளிந்திருக்கும் செய்தி ஒன்று உண்டு. சட்டைப் பைக்குள் கையை விட்டால் கை சட்டைக்குள் போய்விட்டதாக ஆகாது. பையின் உட்பக்கமும் சட்டையின் வெளிப்பக்கத்தைச் சேர்ந்ததுதான். எண்டோபிளாச வலையின் உட்புறமும் அந்த மாதிரி. பார்வைக்குச் செல்லின் நடுவில் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து வெளியுலகம் வரைக்கும் புரதம் வேறு எந்தச் சவ்வையும் துளைக்க வேண்டியதில்லை. பைகள் பிரிகின்றன, கலக்கின்றன, திறக்கின்றன, அவ்வளவுதான். புரதம் உண்மையிலேயே கடக்கும் சவ்வு ஒன்றே ஒன்று: ரைபோசோமுக்கும் வலையின் உட்புறத்துக்கும் நடுவில் இருப்பது. அதைக் கடந்த கணத்திலேயே, செல்லின் கணக்கில், அது வெளியே போய்விட்டது. வெளியேறுவது என்ற முடிவு பயணத்தின் கடைசியில் எடுக்கப்படுவதில்லை. புரதம் முழுசாகப் பிறப்பதற்கு முன்பே எடுக்கப்படுகிறது.

கழிந்த முதல் 24

எடுப்பது யார்? இதற்கு விடை சொன்னவர் அதே ராக்பெல்லரில், பலாடேவின் ஆய்வகத்தில் வளர்ந்த குந்தர் புளோபல். 1971இல் டேவிட் சபாட்டினியோடு சேர்ந்து அவர் ஒரு ஊகத்தை வெளியிட்டார். வெளியே போக வேண்டிய புரதத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு சமிக்ஞைத் தொடர் இருக்கும், ரைபோசோமைச் சவ்வுக்கு இழுத்துச் செல்வது அதுதான் என்பது அந்த ஊகம். அப்போது அதற்குச் சான்று எதுவும் கையில் இல்லை. அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டீன் குழு ஒரு வினோதத்தைக் கண்டது. எதிர்ப்புரதத்தின் சிறு சங்கிலியைச் சோதனைக் குழாயில் சவ்வு இல்லாமல் செய்தால், அது வழக்கத்தைவிடச் சற்று நீளமாக வந்தது. முன்னால் ஏதோ ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

புளோபலும் பெர்ன்ஹார்ட் டாபர்ஸ்டைனும் 1975இல் இந்தக் காட்சி முழுவதையும் சோதனைக் குழாயிலேயே நடத்திக் காட்டினார்கள். நாயின் கணையத்திலிருந்து எண்டோபிளாசச் சவ்வைப் பிரித்தெடுத்துச் சேர்த்தால் புரதம் அதனுள் புகுந்தது, முன்துண்டும் வெட்டுப்பட்டது. சங்கிலி முழுவதையும் கோத்து முடித்த பிறகு சவ்வைச் சேர்த்தால் எதுவும் நடக்கவில்லை. கோக்கும்போதே புக வேண்டும். முடிந்த பிறகு வந்தால் கதவு திறக்காது.

இன்சுலினின் 110இல் முதல் 24 இந்தச் சமிக்ஞைத் தொடர்தான். ரைபோசோமின் உட்குழாயில் முப்பது, நாற்பது அமினோ அமிலங்கள் மறைந்திருக்கும். எனவே சங்கிலி சுமார் அறுபது அளவுக்கு நீண்டபோதுதான் முதல் 24 முழுதாக வெளியே தலைகாட்டும். வால் பகுதி இன்னும் கோக்கப்படவே இல்லை. அதற்குள் ஒரு துகள் வந்து அந்தத் தலையைப் பற்றிக்கொள்கிறது. இந்தச் சமிக்ஞை அறி துகளை 1980களின் தொடக்கத்தில் கண்டறிந்தவர் புளோபலின் மாணவர் பீட்டர் வால்டர். ஆறு புரதங்களும் ஓர் ஆர்என்ஏவும் சேர்ந்தது அது. பிடித்தவுடன் ரைபோசோமின் வேகத்தைக் குறைத்து, அதைச் சவ்விலிருக்கும் ஏற்பியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே செக்61 என்ற நுண்துளை காத்திருக்கிறது. அதன் நடுவில் சிறு அடைப்பு ஒன்று உண்டு. சமிக்ஞைத் தொடர் வந்து பொருந்தினால்தான் அந்த அடைப்பு விலகும். சங்கிலி நூலாக உள்ளே இறங்கத் தொடங்கும்போதே, சவ்வின் மறுபக்கம் இருக்கும் ஒரு நொதி முன்துண்டைக் கத்தரித்துவிடும். 110இல் 24 போயிற்று. மீதி 86.

இதில் எனக்கு ஓயாத வியப்பு எதுவென்றால், அந்த 24க்கு நிலையான எழுத்துக்கூட்டு கிடையாது. ஆல்புமினின் சமிக்ஞை வேறு, இன்சுலினின் சமிக்ஞை வேறு. ஒன்றோடொன்று ஒப்பிட்டால் எழுத்துக்கள் ஒத்துப்போவதில்லை. பொதுவாக இருப்பது ஒரு குணம் மட்டும்: நடுவில் பத்துப் பன்னிரண்டு அமினோ அமிலங்கள் தண்ணீருக்கு ஒட்டாதவையாக இருக்க வேண்டும். அவற்றைப் பற்றும் துகளின் குழிவில் வளைந்து கொடுக்கும் மெத்தியோனின் கிளைகள் நிறைந்திருக்கின்றன. எந்த வடிவத்துக்கும் அது இடம் கொடுக்கும், எண்ணெய்த்தன்மை இருந்தால் போதும்.

பிடிப்பு இவ்வளவு தாராளமானது என்பதால்தான் இது உயிரினங்களின் எல்லையைக்கூடத் தாண்டுகிறது. 1980இல் வால்டர் கில்பர்ட் குழுவினர் எலியின் இன்சுலின் முன்வடிவத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் செய்யவைத்தார்கள். பாக்டீரியா அந்த எலிச் சமிக்ஞையைப் புரிந்துகொண்டு, புரதத்தைத் தன் சவ்வைத் தாண்டி அனுப்பி, முன்துண்டையும் சரியான இடத்தில் கத்தரித்தது. நமக்கு இதைவிட நெருக்கமான சாட்சியும் உண்டு. கோவிட் காலத்தில் நம்மில் பலர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு தடுப்பூசியில், வைரஸின் கூர்முனைப் புரதத்துக்கு முன்னால் வேறொரு மனிதப் புரதத்தின் சமிக்ஞைத் தொடரை ஒட்டியிருந்தார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்க நம் ரத்தக்குழாய்ச் சுவர்கள் சுரக்கும் டிபிஏ என்ற புரதத்தின் சமிக்ஞை அது. நம் தோள் தசைச் செல்கள் அதைக் கண்டதும் வழக்கம்போல எண்டோபிளாச வலைக்குள் இழுத்து, கூர்முனைப் புரதத்தைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுபோய் நிறுத்தின. எதிர்ப்புச் செல்கள் கண்டுகொண்டது அங்கேதான்.

புளோபலுக்கு 1999இல் நோபல் பரிசு, அதுவும் தனியாக. 1945 பிப்ரவரியில், எட்டு வயதுச் சிறுவனாகக் குடும்பத்தோடு அகதியாகப் போகிற வழியில், அவர் பார்த்து மலைத்த நகரம் டிரெஸ்டன். சில நாட்களில் அது குண்டுவீச்சில் எரிந்து சாம்பலானது. பரிசுப் பணத்தில் பெரும்பகுதியை அந்த நகரத்தின் பிரவுவன் தேவாலயத்தைத் திரும்பக் கட்டவும், யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று எழுப்பவும் கொடுத்துவிட்டார்.

மடிப்புச் சோதனை

வலைக்குள் விழுந்த 86 அமினோ அமிலச் சங்கிலியின் பெயர் புரோஇன்சுலின். சிகாகோவில் டொனால்ட் ஸ்டைனர் 1967இல் கண்டறிந்தது. அது இனிச் சரியாக மடிய வேண்டும். அதன் கந்தக முனைகள் ஜோடி சேர்ந்து மூன்று பாலங்கள் அமைய வேண்டும். அந்தப் பாலங்களுக்கு ஏற்ற ரசாயனச் சூழல் சைட்டோபிளாசத்தில் கிடையாது, வலைக்குள்தான் உண்டு. சங்கிலியின் இரு முனைகளில் இருக்கும் ஏ, பி பகுதிகள் சேர்ந்தால்தான் இன்சுலின். அவற்றை நேருக்கு நேர் கொண்டுவந்து வைப்பது நடுவில் இருக்கும் சி-பெப்டைடின் வேலை.

மடியாத புரதத்துக்கு இங்கே வெளியேறும் அனுமதி கிடையாது. துணைப் புரதங்கள் அதைப் பற்றிக்கொண்டு மறுபடி மறுபடி வாய்ப்புத் தருகின்றன. அப்படியும் தேறாவிட்டால், வந்த வழியிலேயே சைட்டோபிளாசத்துக்குத் திருப்பி இழுத்து, புரோட்டியசோம் என்ற சிதைப்பானில் போட்டுவிடுகின்றன. கண்டிப்பான ஏற்பாடு. சில நேரம் அளவுக்கு மீறிய கண்டிப்பு. சிஸ்டிக் பைப்ரோசிஸ் நோயாளிகள் பலரிடம், சிஎப்டிஆர் என்ற 1480 அமினோ அமிலப் புரதத்தில் 508ஆவது அமினோ அமிலம் மட்டும் இருக்காது. மேற்பரப்புக்குப் போய்ச் சேர்ந்தால் அந்தப் புரதம் ஓரளவு வேலை செய்யும். ஆனால் வலை அதை விடுவதில்லை, பிடித்துச் சிதைத்துவிடுகிறது. நுரையீரலில் சளி கட்டிக்கொள்கிறது. 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கூட்டு மருந்தில் இருக்கும் இரண்டு பொருள்கள், அந்தப் புரதம் சரியாக மடிந்து சோதனையில் தேறுவதற்கு உதவுகின்றன.

இன்சுலினிலும் இதே மாதிரி நடக்கும். பிறந்த ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வரும் குழந்தைகளில் சிலருக்கு இன்சுலின் மரபணுவின் ஒரு பிரதியில் பிழை இருக்கிறது. பாலம் போடும் முனை ஒன்று மாறிப்போய், புரோஇன்சுலின் மடியாது. இன்னொரு பிரதி நன்றாகத்தானே இருக்கிறது, பாதி இன்சுலினாவது வரவேண்டாமா? வருவதில்லை. மடியாத புரதம் வலையில் தேங்கி, அந்தச் செல்லையே நொடித்துப்போக வைக்கிறது. குறையுள்ள புரதத்தைவிட, குறையோடு உள்ளே தேங்கிய புரதம் கெடுதல்.

தங்குவதற்குத்தான் அடையாளம் வேண்டும்

தேறிய புரதம் நுண்பைகளில் ஏறிக் கோல்கை உறுப்புக்குப் போகிறது. இத்தாலியின் பாவியா நகரில் கமிலோ கோல்கி 1898இல் நரம்புச் செல்களில் பார்த்துச் சொன்ன வலை அது. சாயம் ஏற்றியதால் வந்த பொய்த்தோற்றம் என்று பலர் அரை நூற்றாண்டுக்கு மேல் நம்ப மறுத்தார்கள். 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி அந்த வழக்கைத் தீர்த்தது.

கோல்கையில் புரதங்களின்மேல் இருக்கும் சர்க்கரைக் கிளைகள் வெட்டி ஒட்டப்படுகின்றன. பிரிவினையும் பெருமளவு இங்கேதான். பிரிவினை என்றதும், வெளியே போகிறவற்றுக்கெல்லாம் தனி அடையாளம் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். நிலைமை ஏறக்குறைய நேர்மாறு. வலைக்குள் ஒருமுறை வந்துவிட்ட புரதம், வேறு அடையாளம் எதுவும் இல்லாவிட்டால், ஓட்டத்தோடு போய் வெளியே விழும். தங்க வேண்டியவற்றுக்குத்தான் அடையாளம் தேவைப்படுகிறது.

மடிப்புச் சோதனை செய்யும் துணைப் புரதங்களே சாட்சி. அவை வலையிலேயே குடியிருக்க வேண்டியவை. அவற்றின் வாலில் லைசின், அஸ்பார்டிக் அமிலம், குளுடாமிக் அமிலம், லூசின் என்ற நான்கு அமினோ அமிலங்கள் அதே வரிசையில் இருக்கும். கேம்பிரிட்ஜில் ஷான் மன்றோவும் ஹியூ பெலமும் 1987இல் அந்த நான்கையும் வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். குடியிருந்த புரதம் செல்லுக்கு வெளியே சுரந்துவிட்டது. ஓட்டத்தில் கோல்கை வரைக்கும் வந்துவிடுபவற்றை, அந்த வாலைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் ஏற்பி ஒன்று இருக்கிறது.

இந்தத் திரும்பும் பாதையைக் காலரா நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. காலராவின் பேதிக்குக் காரணம் கிருமி சுரக்கும் ஒரு நஞ்சு என்று கொல்கத்தாவில் சம்பு நாத் டே 1959இல் நிறுவினார். அந்த நஞ்சின் வாலிலும் அதே நான்கு அமினோ அமிலங்கள் இருக்கின்றன. குடல் செல்லின் மேற்பரப்பில் ஒட்டி, உள்ளிழுக்கப்பட்டு, புரதங்கள் வெளியே போகும் பாதையில் எதிர்த்திசையில் நடந்து எண்டோபிளாச வலையை அடைகிறது. அங்கே தன்னை மடியாத புரதம் மாதிரி காட்டிக்கொள்கிறது. வலை தன் வழக்கப்படி அதைச் சைட்டோபிளாசத்துக்குள் தள்ளிவிடுகிறது. நஞ்சு போக வேண்டிய இடமும் அதுதான். செல்லின் ஒழுங்கு நடவடிக்கையையே வண்டியாக்கிக்கொண்ட கிருமி.

தங்கல் அடையாளம் எழுதப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதை ‘ஐ-செல்’ என்ற அரிய பிறவி நோய் காட்டியது. செல்லின் கழிவுகளைச் செரிக்கும் லைசோசோமுக்குப் போக வேண்டிய நொதிகளுக்கு, கோல்கையில் ஒரு பாஸ்பேட் முத்திரை குத்தப்படும். மானோஸ் என்ற சர்க்கரையின் ஆறாவது கார்பனில் அது ஏறும். இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளிடம் அந்த முத்திரையைப் போடும் நொதி இல்லை. எலிசபெத் நியூபெல்டின் ஆய்வகம் 1972இல் பார்த்தபோது, செல்களுக்குள் லைசோசோம் நொதிகள் வெகு குறைவாக இருந்தன. வெளியே மிகுதியாகக் கிடந்தன. செய்வதில் குறையில்லை. அடையாளம் இல்லாததால் எல்லாம் ஓட்டத்தோடு வெளியே போய்விட்டன. லைசோசோம்களில் செரிக்காத கழிவு குவிந்து குழந்தைகள் சிறுவயதிலேயே இறந்துபோகிறார்கள்.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. சாதாரணச் செல்கள் செய்த நொதியை வெளியிலிருந்து கொடுத்தால் நோய்ச் செல்கள் ஏற்றுக்கொண்டன. நோய்ச் செல்களின் நொதியையோ எந்தச் செல்லும் ஏற்கவில்லை. முத்திரையைப் படிக்கும் ஏற்பி செல்லின் மேற்பரப்பிலும் இருக்கிறது என்பது பின்னர் தெரிந்தது. பாம்பே (Pompe) நோய் போன்ற சில லைசோசோம் குறைபாடுகளுக்கு இன்று நொதியையே ரத்தநாளத்தில் ஏற்றி மருத்துவம் செய்கிறார்கள். அது செல்லுக்குள் போவது அந்த முத்திரையின் தயவால்தான்.

கனத்துப்போன ஈஸ்ட்

பாதை தெரிந்தது, அடையாளங்கள் தெரிந்தன. நுண்பை எப்படிப் பிரிகிறது, போய்ச் சேர்ந்த இடத்தில் எப்படிக் கலக்கிறது என்று தெரியவில்லை. பெர்க்லியில் ரேண்டி ஷெக்மன் இதற்கு எடுத்துக்கொண்டது ஈஸ்ட். மாவைப் பொங்கவைக்கும் அதே ஒற்றைச் செல் உயிரி. 25 டிகிரியில் ஒழுங்காக வளர்ந்து, 37 டிகிரியில் மட்டும் சுரப்பு நின்றுபோகும் பிறழ்ச் செல்களை அவரும் மாணவர் பீட்டர் நோவிக்கும் தேடினார்கள். முதலாவது 1979இல் கிடைத்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் செல் முழுக்க நுண்பைகள், ஒன்றுகூட வெளியே திறக்க முடியாமல் அடைந்து கிடந்தன.

ஒன்று கிடைத்துவிட்டது, மற்றவை? இங்கே ஒரு கெட்டிக்காரத்தனம். சுரப்பு நின்ற செல் புரதம் செய்வதை நிறுத்துவதில்லை. ஆனால் நுண்பைகள் வந்து சேராததால் வெளிச்சவ்வு பெரிதாகவில்லை. அதே பருமனுக்குள் சரக்கு ஏற ஏற, செல்லின் அடர்த்தி கூடுகிறது. அடர்த்தி படிப்படியாகக் கூடும் கரைசலில் விட்டுச் சுழற்றினால் அப்படிப்பட்ட செல்கள் மட்டும் அடியில் போய் நிற்கும். அடியில் நின்றவற்றைச் சலித்ததில் 1980க்குள் 23 மரபணுக்கள் சிக்கின. சரக்கு தேங்கும் இடத்தை வைத்து, எந்த மரபணு எந்தக் கட்டத்துக்கு உரியது என்று வரிசைப்படுத்தினார்கள்.

அதே காலத்தில் ஜேம்ஸ் ராத்மன், பாலூட்டிச் செல்களை உடைத்து, அவற்றின் கோல்கைத் துண்டுகளுக்கு இடையே நுண்பைப் போக்குவரத்தைச் சோதனைக் குழாயில் ஓடவிட்டார். அதற்கு இன்றியமையாத ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். அது ஷெக்மனின் 23இல் பதினெட்டாம் எண்ணுள்ள மரபணுவின் புரதத்துக்கு உறவு என்று 1980களின் இறுதியில் தெரிந்தது. ஈஸ்ட்டும் நாமும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகள் போல ஆகியும் இயந்திரம் மாறவில்லை. அதன் பிடியைத் தொடர்ந்து போன ராத்மன் குழு 1993இல் ஸ்னேர் புரதங்களை அடையாளம் கண்டது. நுண்பையில் ஒரு ஸ்னேர், சேரவேண்டிய சவ்வில் அதற்குப் பொருந்தும் ஸ்னேர்கள். இவை ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ள, இரண்டு சவ்வுகளும் நெருக்கப்பட்டுக் கலந்துவிடுகின்றன. எந்தப் பை எங்கே கலக்கலாம் என்பதில் அந்தப் பொருத்தத்துக்குப் பெரிய பங்கு.

அழைப்புக்குக் காத்திருப்பது

கல்லீரலும் பிளாஸ்மா செல்லும் செய்ததைச் செய்ததும் அனுப்பிவிடும். கணையத்தின் பீட்டா செல் அப்படிச் செய்தால் ஆபத்து. சாப்பிடாத நேரத்தில் இன்சுலின் கொட்டினால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். எனவே புரோஇன்சுலின் கோல்கையைவிட்டுக் கிளம்பும்போது தனிக் குருணைகளில் அடைக்கப்படுகிறது. அங்கேதான் மீதிக் கணக்கு தீர்கிறது. வெட்டும் நொதிகள் நடுவிலிருக்கும் 31 அமினோ அமில சி-பெப்டைடையும், வெட்டிடங்களின் அடையாளமாக நின்ற நான்கையும் நீக்குகின்றன. 86இல் 35 போக 51. இன்சுலின் துத்தநாகத்தோடு சேர்ந்து, ஆறாறாகக் கூடி, கெட்டியாகப் படிகிறது. ஒரு பீட்டா செல்லில் இப்படிச் சுமார் 10,000 குருணைகள்.

வெட்டிய சி-பெப்டைடுக்குக் குருணையைவிட்டுப் போக இடமில்லை. கதவு திறக்கும்போது ஓர் இன்சுலினுக்கு ஒன்று என்ற கணக்கில் அதுவும் ரத்தத்துக்கு வருகிறது. இன்சுலினில் பாதியளவைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். சி-பெப்டைடை அது சட்டை செய்வதில்லை. ஊசியில் போடும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. ஊசி போட்டுக்கொள்பவரிடமும் அவர் கணையத்தின் சொந்த உழைப்பை மட்டும் பிரித்துச் சொல்லும் தகுதி இப்படித்தான் அந்தத் துண்டுக்கு வந்தது.

குருணைகளுக்கு அழைப்பு விடுவது குளுகோஸ். சாப்பாட்டுக்குப் பின் குளுகோஸ் பீட்டா செல்லுக்குள் நுழைந்து எரிந்து, ஏடிபி கூடுகிறது. அது சவ்விலிருக்கும் பொட்டாசிய வாய்க்கால்களை மூடுகிறது. செல்லின் மின்னழுத்தம் மாறி, கால்சிய வாய்க்கால்கள் திறக்கின்றன. கால்சியம் புகுந்ததும் சினாப்டோடாக்மின் என்ற உணர்புரதம் அதைப் பற்றிக்கொண்டு, பாதி முறுக்கில் காத்திருக்கும் ஸ்னேர்களை முழு முறுக்குக்கு விடுகிறது. சவ்வுகள் கலக்கின்றன, குருணை திறக்கிறது. சர்க்கரை நோய்க்கு நம் ஊரில் பரவலாக எழுதப்படும் கிளிமெபிரைடு மாத்திரை, குளுகோசுக்குக் காத்திராமல் அந்தப் பொட்டாசிய வாய்க்கால்களைத் தானே மூடிவிடுகிறது. மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ஏன் சர்க்கரை தாழ்கிறது என்பதற்கும் காரணம் இதுவே.

சினாப்டோடாக்மினின் பங்கை நரம்பு முனைகளில் விளக்கியவர் தாமஸ் சூடாஃப். அவரும் ஷெக்மனும் ராத்மனும் 2013இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நரம்பு முனை வெளியிடுவது புரதமல்ல, சின்னச் சின்ன வேதித் தூதுகள். ஆனால் கதவைத் திறக்கும் இயந்திரம் ஒன்றே. துருப்பிடித்த ஆணி குத்தினால் டிடி ஊசி போடச் சொல்வது இந்த இயந்திரத்தைக் காக்கத்தான். டெட்டனஸ் நஞ்சு ஒரு கத்தரி. தண்டுவடத்தில், தசைகளைத் தளர்த்தச் சொல்லும் நரம்புகளுக்குள் போய், நுண்பையின் ஸ்னேரை ஒரே இடத்தில் வெட்டுகிறது. தளர்த்தும் செய்தி வெளியே வராது. தாடை பூட்டிக்கொள்கிறது, முதுகு வில்லாக வளைகிறது.

வலைக்குள் போகாமலே வெளியே வருபவை

இந்த அத்தியாயம் முழுக்க ஒரு விதியைச் சொல்லிக்கொண்டு வந்தோம்: வெளியே போக வேண்டுமானால், பிறக்கும்போதே சமிக்ஞை காட்டி எண்டோபிளாச வலைக்குள் போக வேண்டும். இன்று ஈஸ்ட் தொட்டிகளில் மனித இன்சுலினைச் செய்கிறவர்களும் இதே விதியை நம்பித்தான் தொழில் நடத்துகிறார்கள். ஈஸ்ட் தானாகச் சுரக்கும் ஒரு புரதத்தின் முன்துண்டை இன்சுலின் சங்கிலியின் முன்னால் ஒட்டிவிட்டால் போதும், ஈஸ்ட் அதைச் செய்து வெளியே தள்ளிவிடும். செல்லை உடைத்து எடுக்கும் வேலை மிச்சம்.

ஆனால் விதிக்கு அடங்காத சிலரும் உண்டு. நமக்குக் காய்ச்சலை மூட்டும் புரதங்களில் ஒன்று இன்டர்லூக்கின்-1 பீட்டா. அதன் தொடக்கத்தில் சமிக்ஞைத் தொடர் கிடையாது. வலையையும் கோல்கையையும் அது எட்டிப் பார்ப்பதே இல்லை. சைட்டோபிளாசத்தில் பிறந்து, அங்கேயே கிடந்து, கிருமி வந்த சேதி கிடைத்ததும் வெளியே வந்துவிடுகிறது. எப்படி என்று நெடுங்காலம் யாருக்கும் பிடிபடவில்லை. கடந்த பத்தாண்டுகளில் ஒரு விடை கிடைத்திருக்கிறது. ஆபத்து வந்தால் கேஸ்டெர்மின்-டி என்ற புரதம் வெட்டுப்பட்டு, செல்லின் வெளிச்சவ்வில் வளையமாகக் கூடித் துளை போடுகிறது. இன்டர்லூக்கின் அதன் வழியே போய்விடுகிறது. துளை அதிகமானால் செல் வீங்கி வெடித்துச் செத்தும் போகும்.

சுவரில் ஓட்டை போட்டால் உள்ளே இருப்பவை எல்லாம் கசிந்துவிடும் என்று பார்த்தோமே, அந்த விலையைத் தெரிந்தே கொடுக்கிறது இந்தச் செல். அன்றாடச் சுரப்புக்கு இந்த வழி கட்டுப்படியாகாது. உயிரைக் கொடுத்தாவது ஊரை எழுப்ப வேண்டிய நெருக்கடிக்கு மட்டும்தான். சமிக்ஞை, வலை, மடிப்புச் சோதனை, கோல்கை, குருணை என்று செல் இத்தனை சுற்றி வளைத்துப் போவது, சுரந்த பிறகும் நாளைக்கு உயிரோடிருந்து மறுபடி சுரக்க வேண்டும் என்பதற்காகத்தான்.